இரவு 2 மணிக்கு வரும் ஆர்டர்: இடிஐ அனுப்பும் வழிகளும் செலவும்

ஷூ ஏற்றுமதி செய்யும் ஆம்பூர் ஆபீஸில் ஒரு கார்டன் (அட்டைப்பெட்டி) விமானத்தில் போனால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஆர்டர், இன்வாய்ஸ் போன்றவற்றைக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஃபைலாகக் கடத்தும் இடிஐ நெட்வொர்க்கின் மாத பில்லை மட்டும் யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. அது டாலரில் வரும், புரியாத சுருக்கெழுத்துகளோடு வரும், அக்கவுண்ட்ஸ் பிரிவு அப்படியே பாஸ் செய்துவிடும். அந்த பில் எதனால் ஏறுகிறது, ஆர்டர் ஃபைலை வாங்கவும் அனுப்பவும் வேறு என்ன வழி, அந்த வழிகள் எங்கே காலை வாரும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை சிப்காட் பகுதி ஆபீஸ்களின் வேலை முறையை வைத்து இங்கே எழுதுகிறோம்.

பையர், அதாவது ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அமெரிக்காவில் என்றால் ஃபைலின் வடிவம் பெரும்பாலும் எக்ஸ்12. அதில் 850 ஆர்டர், 855 ஆர்டருக்கு நம் ஒப்புதல், 856 சரக்கு கிளம்பும் முன்னறிவிப்பு (ஏஎஸ்என் என்பது இதுதான்), 810 இன்வாய்ஸ், 997 ஃபைல் கிடைத்ததற்கான ரசீது. ஐரோப்பிய பையர் என்றால் எடிஃபாக்ட். பெயர்கள் மாறும், வேலை அதேதான்.

நெட்வொர்க் என்று சொல்வது வேல்யூ ஆடட் நெட்வொர்க்கை. நம் பெயரில் அங்கே ஒரு மெயில்பாக்ஸ் இருக்கும். பையர் அதில் போட்டுவிட்டுப் போவார், நமக்குத் தோதான நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் நாலு வகையில் விழும்: மெயில்பாக்ஸுக்கு மாத வாடகை, எழுத்துக் கணக்கு, ஃபைல் ஒன்றுக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சத் தொகை, பையர் வேறு நெட்வொர்க்கில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே கடத்தும் தொகை. எழுத்துக் கணக்கை கிலோ கேரக்டர் என்பார்கள். 1,000 எழுத்து ஒரு கிலோ கேரக்டர், சில ஒப்பந்தங்களில் 1,024. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்கவேண்டியது விலையை அல்ல, ரவுண்டிங்கை. 2,100 எழுத்துள்ள ஃபைலை 3 என்று எண்ணுகிறார்களா, மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டி ஒரே முறை ரவுண்ட் செய்கிறார்களா? சின்ன ஃபைல் நிறைய அனுப்பும் ஆபீஸுக்கு விலையைவிட இந்த ஒரு வரி பெரியது.

எழுத்து எங்கே பெருகுகிறது?

ஒரு ஸ்டைல், இரண்டு கலர், கலருக்கு 8 சைஸ் உள்ள ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 16 வரி. வரிக்கு விவரத்தோடு சுமார் 120 எழுத்து, தலைப்புப் பகுதி 800 எழுத்து என்றால் மொத்தம் 2,720. மூன்று கிலோ கேரக்டரில் முடிந்துவிடும்.

இதே ஆர்டரை பையர் கடைவாரியாகப் பிரித்து அனுப்பினால் கதை வேறு. அதற்கு எஸ்டிக்யூ என்ற செக்மெண்ட் (ஃபைலின் ஒரு துண்டு) உண்டு. ஒரு செக்மெண்டில் கடை எண்ணும் எண்ணிக்கையுமாக அதிகபட்சம் 10 ஜோடி விவரம் கொள்ளும். 300 கடைக்கு 16 வரி என்றால் 4,800 விவரம், அதாவது 480 செக்மெண்ட். ஒன்றுக்கு 90 எழுத்து வைத்தால் 43,200. ஷூ எண்ணிக்கை அதேதான், ஆனால் மொத்த எழுத்து சுமார் பதினேழு மடங்கு. ஃபேக்டரியிலேயே கடைவாரியாகப் பேக் செய்கிற ஆர்டருக்கு இது தேவை. பையரின் கிடங்கில்தான் பிரிக்கப் போகிறார்கள் என்றால் இந்த விவரம் நமக்குத் தேவையே இல்லை. அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பல பையர்கள் நிறுத்துவார்கள், ஏனென்றால் அனுப்பும் பக்கத்திலும் அவர்களுக்கு எழுத்துக் கணக்கு ஓடுகிறது.

நாம் அனுப்பும் ஏஎஸ்என்னில் பில்லை ஏற்றுவது பேக்கிங் முறை. 1,200 ஜோடி, கார்டனுக்கு 12 வீதம் 100 கார்டன். ஒரு கார்டனில் ஒரே சைஸ் என்றால் கார்டன் எண், பொருள் எண், எண்ணிக்கை எல்லாம் சேர்த்து கார்டனுக்கு 100 எழுத்து, மொத்தம் 10,000. கார்டனுக்குள் ஆறு சைஸ் கலந்திருந்தால் கார்டன் பகுதிக்கு 40, சைஸ் ஒன்றுக்கு 60 வீதம் 360, ஆக 400 எழுத்து. மொத்தம் 40,000. அந்தக் கலவை எல்லாக் கார்டனிலும் ஒரே மாதிரி இருந்தால் பையரிடம் அந்த அசார்ட்மெண்டுக்கே தனியாக ஒரு ஜிடிஐஎன் (பொருளின் அடையாள எண்) வாங்கிவிட வேண்டும். அப்போது கார்டனுக்கு ஒரே வரி, மறுபடி 10,000. மெர்ச்சண்டைசர் ஆர்டர் பேசும்போதே கேட்கவேண்டியது இது. பேக்கிங் தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை, லேபிள் அச்சாகியிருக்கும்.

997 ரசீதில் போகும் பணம் யார் கண்ணிலும் படுவதில்லை. எக்ஸ்12 ஃபைலின் முதல் செக்மெண்டான ஐஎஸ்ஏ எப்போதும் முடிவுக்குறியோடு 106 எழுத்து, வெற்று இடத்தையும் சேர்த்து. உள்ளே உள்ள ரசீது சின்னது. எல்லாம் சேர்த்து சுமார் 275 எழுத்து, ஆனால் 1,000 என்று எண்ணப்படும். ஒரு நாளில் ஒரே பையரிடமிருந்து 40 ஆர்டர் ஃபைல் வந்து 40 ரசீதைத் தனித்தனியாக அனுப்பினால் 40 கிலோ கேரக்டர். அதே 40 ரசீதை ஒரே உறையில், அதாவது ஒரே ஐஎஸ்ஏவின் கீழ், கட்டினால் மூன்று கிலோ கேரக்டர் பக்கம் வரும். மணிக்கு ஒருமுறை கட்டி அனுப்பினாலே பெரும் மிச்சம். ரசீது எத்தனை மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்று பையரின் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

எஸ்ஏபி என்ற நிர்வாக மென்பொருள் வைத்திருக்கும் ஆபீஸ்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லவேண்டும். எஸ்ஏபியின் ஐடாக் ஃபைலில் ஒவ்வொரு டேட்டா வரியும் 1,063 எழுத்து. விவரம் 80 எழுத்து இருந்தாலும் மீதி இடம் வெற்றிடத்தால் நிரம்பும். அதை அப்படியே நெட்வொர்க்குக்கு அனுப்பி அங்கே எக்ஸ்12 ஆக மாற்றச் சொன்னால், வெற்றிடத்துக்கும் சேர்த்து எண்ணும் ஒப்பந்தங்கள் உண்டு. மாற்றும் வேலையை இங்கேயே முடித்துவிட்டு அனுப்புவது நல்லது.

இந்த எழுத்துக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால் மோடம் காலத்திலிருந்து. 2,400 பிட் வேக மோடத்தில் நொடிக்கு சுமார் 240 எழுத்து போகும். மேலே சொன்ன 43,200 எழுத்து போக மூன்று நிமிடம், அதுவும் வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தில். பொதுமக்களுக்கான இன்டர்நெட்டே விஎஸ்என்எல் வழியாக 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் இந்தியாவில் தொடங்கியது. அன்று எழுத்து ஒவ்வொன்றுக்கும் உண்மையிலேயே விலை இருந்தது. இன்று 10 எம்பிபிஎஸ் லைனில் அதே ஃபைல் கண் இமைப்பதற்குள் போய்விடும். ஆகவே இடிஐக்கென்று அதிவேக லீஸ்டு லைன் எடுக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவேண்டாம். தேவை வேகமல்ல, அறுபடாத லைன்.

அப்படியானால் நெட்வொர்க்குக்கு எதற்குப் பணம்? இரவில் நமக்காக விழித்திருப்பதற்கு. நியூயார்க்கில் கோடைக்கால மாலை 4.30க்கு பையர் அன்றைய ஆர்டர்களை அனுப்பும்போது ஆம்பூரில் இரவு 2 மணி. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு, நவம்பர் முதல், அது 3 மணி ஆகும். அந்த நேரத்தில் ஃபேக்டரியில் வாட்ச்மேன் மட்டும்தான் விழித்திருப்பார். சர்வர் அணைந்திருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். மெயில்பாக்ஸ் இருந்தால் காலை 9 மணிக்கு எடுத்துக்கொள்ளலாம். வேறு வழிக்கு மாறும்போது விலக்குவது இந்தப் பாதுகாப்பைத்தான். மாறுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: இனி இரவில் விழித்திருக்கப் போவது யார்?

ஏஎஸ்2: வாசலுக்கே வரும் தபால்

ஏஎஸ்2 என்பது பையரின் சர்வர் இன்டர்நெட் வழியாக நேராக நம் சர்வரின் கதவைத் தட்டி, கையெழுத்திட்டுப் பூட்டிய ஃபைலைக் கொடுத்து, எம்டிஎன் என்ற கையொப்ப ரசீதை வாங்கிப் போகும் முறை. 2002இல் வால்மார்ட் தன் சப்ளையர்களை இதற்கு மாறச் சொன்ன பிறகு சில்லறை வணிகம் முழுக்கப் பரவியது. 2005இல் ஆர்எஃப்சி 4130 என்ற எண்ணில் இதன் விதிமுறை வெளியானது. எழுத்துக் கணக்கு கிடையாது, நடுவில் ஆள் கிடையாது. ஓப்பன் ஏஎஸ்2 போன்ற இலவச மென்பொருளே வேலைக்குப் போதும்.

ஆனால் நடுவில் பெட்டியும் கிடையாது. கதவு மூடியிருந்தால் பையரின் சர்வர் சில முறை தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பிறகு அந்த ஆர்டரை மறுபடி அனுப்பச் சொல்லி நாம்தான் மெயில் போடவேண்டும், அதுவும் ஆர்டர் வந்திருக்கவேண்டும் என்பது நமக்குத் தெரிந்தால்.

அதனால் ஏஎஸ்2 சர்வரை ஃபேக்டரி வளாகத்தில் வைக்காதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. தேசிய நெடுஞ்சாலை ஓரம் எங்காவது ஜேசிபி தோண்டினால் ஃபைபர் போகும். ஈபி மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பகலில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. இரண்டு கம்பெனி லைன் வைத்திருக்கிறோம் என்பார்கள். இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரே குழியில் வந்தால் அது ஒரு லைன்தான். பல பிராட்பேண்ட் இணைப்புகளிலும் மொபைல் சிம்மிலும் நமக்கென்று தனி பொது ஐபி முகவரி கிடைக்காது. ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்திருப்பார்கள், வெளியிலிருந்து நம் கதவைத் தட்டவே முடியாது. ஒரு சின்ன கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து அங்கே ஏஎஸ்2 வைத்து, ஃபேக்டரியிலிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி எல்லாம் போகும். ஃபேக்டரி லைன் அறுந்தாலும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை நடக்கும். மோடத்துக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் மட்டும் போடுங்கள். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வைத்துவிட்டு இவற்றை மறந்துவிடும் ஆபீஸ்கள் நிறைய.

அமைக்கும்போது இரு பக்கமும் பரிமாறிக்கொள்ள வேண்டியவை: ஏஎஸ்2 அடையாளப் பெயர், சர்வர் முகவரியும் போர்ட் எண்ணும், கையெழுத்துக்கும் பூட்டுக்குமான டிஜிட்டல் சர்டிஃபிகேட், கையெழுத்துக்கும் பூட்டுக்கும் எந்த முறை, எம்டிஎன் உடனே வேண்டுமா பிறகு தனியாக வேண்டுமா, ஃபயர்வாலில் திறக்கவேண்டிய ஐபிக்கள். அடையாளப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. முதல் நாள் சோதனை தோற்கும் காரணங்களில் இது முன்னணியில் நிற்கும். அடுத்தது, கையெழுத்து பொருந்தவில்லை என்ற பிழை. கையெழுத்து முறையை ஒரு பக்கம் எஸ்ஹெச்ஏ-1, மறு பக்கம் எஸ்ஹெச்ஏ-256 என்று வைத்திருப்பார்கள். அல்லது வழியில் ஏதோ ஒரு மென்பொருள் வரி முடிவுக்குறியை மாற்றியிருக்கும்.

சர்டிஃபிகேட் காலாவதிதான் ஓடிக்கொண்டிருக்கும் ஏஎஸ்2வை நிறுத்தும் மிகப் பொதுவான காரணம். ஃபைலைப் பூட்டும் சர்டிஃபிகேட்டை நாமே பல வருடத்துக்கு உருவாக்கிக்கொள்ள பல பையர்கள் சம்மதிப்பார்கள். ஆனால் இணைய முகவரிக்கான டிஎல்எஸ் சர்டிஃபிகேட் வேறு. 2020 செப்டம்பரிலிருந்து அதன் உச்ச ஆயுள் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைத்திருக்கிறார்கள். கையால் மாற்றிக்கொண்டிருந்தால் கட்டாது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேண்டும். அதோடு, புதுச் சர்டிஃபிகேட்டைத் தங்கள் பக்கம் கையால் ஏற்றும் பையர் யார் யார் என்ற பட்டியலும் வேண்டும். மாற்றும் நாளைச் செவ்வாய் அல்லது புதனில் வையுங்கள். சனிக்கிழமை மாற்றிவிட்டுத் தவறினால் திங்கள் மாலை வரை அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளிருக்காது.

எஸ்எஃப்டிபி, போர்ட்டல், எக்செல்

பையரே எஸ்எஃப்டிபி (பூட்டிய இணைப்பில் ஃபைலை ஏற்றி இறக்கும் முறை) சர்வர் வைத்து, நம்மை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால், மூன்று நாலு பையர் மட்டும் உள்ள ஆபீஸுக்கு அதைவிட மலிவான வழி இல்லை. இரவில் விழித்திருப்பது அவர் பொறுப்பு. நமக்கு வெளியே போகும் இணைப்பு மட்டும் போதும். ஆனால் எஸ்எஃப்டிபியில் எம்டிஎன் போல ரசீது கிடையாது. ஃபைலை வைத்தோம் என்பதற்கும் அவர் எடுத்தார் என்பதற்கும் நடுவே சாட்சி இல்லை. 997 வந்ததா என்று பார்ப்பது இங்கே கட்டாயம். இன்னொன்று, ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போதே மறு பக்கம் எடுத்துவிட்டால் பாதி ஏஎஸ்என் போகும். தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் ஏறியபின் உண்மைப் பெயருக்கு மாற்றவேண்டும். பழைய எஃப்டிபியையே இன்னும் வைத்திருக்கும் பையரிடம் டெக்ஸ்ட் மோடில் அனுப்பாதீர்கள், பைனரி மோடில் அனுப்புங்கள். டெக்ஸ்ட் மோட் வரி முடிவை மாற்றிவிடும்.

ஷோளிங்கர், ராணிப்பேட்டை பக்கம் வண்டிப் பாகம் செய்பவர்களுக்கு ஐரோப்பிய பையர் ஓஎஃப்டிபி2 என்ற ஃபைல் அனுப்பும் முறையைக் கேட்கலாம். பாதி வழியில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது அதன் பலம், பெரிய டிசைன் ஃபைலுக்கு நல்லது. தோல் துறையில் அதன் தேவை அரிது.

பையரின் வெப் போர்ட்டலை இலவசம் என்பார்கள். கட்டணம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் 100 கார்டன் ஏஎஸ்என்னை ஒருவர் உட்கார்ந்து தட்டும் நேரம் இலவசம் அல்ல. மாதம் பத்து ஆவணத்துக்குக் கீழே என்றால் போர்ட்டலே போதும். மேலே போனால் தட்டச்சுப் பிழைக்கு வரும் அபராதம் எந்த நெட்வொர்க் பில்லையும் தாண்டும்.

போர்ட்டலில் எக்செல் ஏற்றும் வசதி இருந்தால் ஒரு எச்சரிக்கை. கார்டன் லேபிளில் உள்ள எஸ்எஸ்சிசி எண் 18 இலக்கம். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கத்தை மட்டுமே காப்பாற்றும். கடைசி மூன்று இலக்கமும் பூஜ்யமாகிவிடும். அப்படி ஏற்றினால் நூறு கார்டன் வரை ஒரே எண்ணாகி நிற்கும், லேபிள் ஒன்று சொல்லும், ஏஎஸ்என் வேறு சொல்லும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றியபிறகே எண்ணை ஒட்டவேண்டும். ஒட்டியபின் மாற்றினால் போன இலக்கம் திரும்ப வராது.

மூன்று ரசீதைக் குழப்பிக்கொள்வது எல்லா வழியிலும் நடக்கிறது. எம்டிஎன் வந்தால் ஃபைல் வாசலைத் தாண்டியது என்று மட்டும் பொருள். 997 சொல்வது ஃபைலின் இலக்கணம் சரியா என்பதை மட்டும், அது ஏற்கப்பட்டதா, பிழையோடு ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று உள்ளே பார்க்கவேண்டும். ஆர்டரின் விலையையும் தேதியையும் ஒப்புக்கொள்வது 855 மட்டுமே. எம்டிஎன் வந்ததை வைத்து ஏஎஸ்என் போய்ச் சேர்ந்தது என்று ஷிப்பிங் பிரிவு கோப்பை மூடிவிடும், பையரின் சிஸ்டத்தில் அது தள்ளப்பட்டுக் கிடக்கும். எதிர்த் திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் அனுப்பிய எம்டிஎன் வழியில் தொலைந்தால் பையர் அதே ஆர்டரை மறுபடி அனுப்புவார். உறை எண்ணையும் ஆர்டர் எண்ணையும் சோதிக்காத சிஸ்டம் அதை இரண்டு ஆர்டராக ஏற்றி, தோலும் ஷூவின் அடிப்பாகமும் இரட்டிப்பாக வாங்கச் சொல்லும்.

அமெரிக்கச் சரக்கில் தாமதத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இறக்குமதியாளர் தன் நாட்டுச் சுங்கத்துக்கு 10 விவரம் தரவேண்டும், அவற்றில் 8ஐ கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே தரவேண்டும் என்ற விதி 2009 ஜனவரி முதல் இருக்கிறது. தயாரித்தவர் பெயர் முகவரி, கண்டெய்னரில் சரக்கு ஏற்றிய இடம், பொருளின் சுங்கக் குறியீடு போன்றவை நம்மிடமிருந்துதான் போகவேண்டும். ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை அபராதம். அது இறக்குமதியாளர் மேல் விழுந்தாலும் நம் பில்லில் கழியும். சென்னைத் துறைமுகத்துக்கு லாரி கிளம்பும் அன்று இந்த ஃபைலைத் தேடக் கூடாது. ஸ்டஃபிங் (கண்டெய்னரில் சரக்கு ஏற்றுவது) முடிவான அன்றே போயிருக்கவேண்டும்.

மாறுவது என்று முடிவெடுத்தால் முதலில் கடந்த மூன்று மாத நெட்வொர்க் பில்லை எடுத்து, பையர்வாரியாக எழுத்தையும் ஃபைல் எண்ணிக்கையையும் பிரியுங்கள். பெரும்பாலும் ஒரே பையர்தான் பாதிக்கு மேல் சாப்பிட்டிருப்பார். அவரை மட்டும் ஏஎஸ்2வுக்கோ எஸ்எஃப்டிபிக்கோ கொண்டுபோங்கள், சின்ன பையர்கள் மெயில்பாக்ஸிலேயே இருக்கட்டும். எல்லோரையும் ஒரே மூச்சில் மாற்ற முயன்றால் ஒவ்வொரு பையரின் சோதனை அட்டவணைக்கும் காத்துக்கிடக்க நேரும். சோதனை ஃபைலில் ஐஎஸ்ஏவின் 15ஆவது விவரமாக டி (T) என்ற எழுத்து இருக்கவேண்டும், உண்மை ஃபைலில் பி (P). சோதனை முடிந்த பிறகும் டி என்றே விட்டுவிட்டால் உண்மை இன்வாய்ஸ்கள் ஓசையின்றி ஒதுக்கப்படும், பணம் வராத பிறகுதான் தெரியும்.

உண்மை ஃபைல் ஓடத் தொடங்கியதும் மெயில்பாக்ஸை உடனே மூடாதீர்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். பையரின் ஆர்டர் புது வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, அவருடைய ஆர்டர் மாற்றச் செய்தியான 860 மட்டும் பழைய பெட்டியில் விழுவதுண்டு, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒவ்வொரு ஆவண வகைக்கும் வழியைத் தனியாக அமைத்திருப்பார்கள். எந்தெந்த ஆவண வகை புது வழியில் குறைந்தது ஒருமுறையாவது வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த பிறகு மூடச் சொல்லி எழுதுங்கள்.